சீக்கிரமாக வந்த மறுப்பு

பதில் சீக்கிரமாக வந்துவிட்டது. சயிராவை முதலில் உறுத்தியது அதுதான்.

நாரின் ஊரின் பனிச்சரிவு எச்சரிக்கை அலுவலகத்தில் உட்கார்ந்து, கணவாய் உச்சியிலுள்ள காவல் கூடத்து சர்வரைக் கூப்பிடுவது அவள் வேலை. ரேடியோ கோபுரங்களைத் தாண்டி மலையைச் சுற்றிப் பதில் வருவதற்குள் ஒரு மடக்குத் தேநீர் குடித்துவிடலாம். இன்றோ, கோப்பையைத் தொடுவதற்குள் திரையில் விழுந்தது: இணைப்பு மறுக்கப்பட்டது.

எரிச்சல்தான் வந்தது, பயமில்லை. மேலே பணியில் இருப்பவன் அவள் புருஷன் தாலாய், போன குளிரில் இடது கையில் சுண்டுவிரலைப் பனிக்குப் பறிகொடுத்தவன். பதிலே வராவிட்டால்தான் பயப்பட வேண்டும். மறுப்பு வந்தால் சர்வர் ஓடுகிறது, உள்ளே ஒரு புரோகிராம் மட்டும் படுத்துவிட்டது என்று பொருள். சர்வர் ஓடினால் அவனும் இருப்பான்.

"யோவ் சோம்பேறி, எழுந்திரிச்சு அதை ஓட விடுய்யா," என்று திரையைத் திட்டினாள்.

முகவரி சரி. போர்ட் எண், அந்தப் புரோகிராமின் வாசல் எண், அதுவும் சரி. மறுபடி கூப்பிட்டாள். மறுப்பு இன்னும் சீக்கிரம் வந்தது. பட்டப்பகலிலேயே பனி ஜன்னலை மூடிக்கொண்டிருக்க, எங்கிருந்தோ நனைந்த கம்பளியின் வாடை அறைக்குள் பரவியது.

கதவு திறந்தது. மேலதிகாரி ஜுமாபெக் வந்து சுவரோரம் நின்றார். பின்னால் கணக்கர் எல்மிரா, நாத்தனார் அய்சுலு. யாரும் உட்காரவில்லை.

இப்படிச் சுவரோரம் அவளும் நின்றிருக்கிறாள். இந்த ஊரில் சாவுச் செய்தியைத் தனியாள் சொல்வதில்லை. கூடி வந்து, இருபுறமும் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

"எதுக்கு வந்தீங்க எல்லாரும்? சர்வர் பதில் சொல்லுது. பாருங்க!"

மறுக்கப்பட்டது. விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்பே.

பெண்கள் இருவரும் அவள் முழங்கைகளைப் பற்றினார்கள்.

"தங்கச்சி, அந்த சர்வர் நசுங்கிப்போய் கீழ லாரியில கிடக்கு," என்றார் ஜுமாபெக். "காலையில பனிச்சரிவு அந்தக் கூடத்தையே அடிச்சிட்டுப் போயிருச்சு. தாலாயும்... அதே லாரியிலதாம்மா."

"பொய்! அப்ப மறுக்கறது யாரு?"

அவள் கை விசையில் இல்லை. ஆனாலும் திரை ஓடியது. இப்போது கூப்பிடுவது அவளல்ல. கணவாய் சர்வரின் முகவரி அவளைக் கூப்பிட்டது. அவள் கம்ப்யூட்டர் மறுத்தது. மறுபடி கூப்பிட்டது. மறுத்தது. மறுபடி.

"விடுங்கடி! அவர் கூப்பிடறார், நான் திறக்கணும்!"

உதறினாள். விசைகளைத் தட்டினாள். தன் போர்ட்டைத் திறந்தாள்.

இணைக்கப்பட்டது.

எல்மிரா அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அய்சுலுவும். இருவரும் கைகளால் வாயைப் பொத்திக்கொண்டு, சயிராவின் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

சயிராவின் முழங்கைகளை இன்னும் யாரோ பிடித்திருந்தார்கள். ஈரமாக. சில்லென்று.

இடப்பக்கப் பிடியில் ஒரு விரல் குறைந்தது.