நீலவனத்து முத்திரை

காலைக் காப்பியுடன் கூடத்துக்கு வந்த திருமேனி, சுவரில் மாட்டியிருந்த தன் கல்யாணப் படத்தைப் பார்த்தான். மாலையும் கழுத்துமாக அவனும் செங்கமலமும் நின்றார்கள். அவளுடைய அண்ணன் நின்ற இடத்தில், கழுத்துக்கு மேலே ஒரு சாம்பல் நிறச் சதுரம்தான் இருந்தது. நேற்றுவரை அங்கே முகம் இருந்தது.

"உன் அண்ணன் முகத்தை வித்துட்டாரு போலிருக்கே," என்றான்.

"ஆமா, ஏதோ பிஸ்கட் கம்பெனியாம். அண்ணி நேத்தே சொன்னாங்க," என்றாள் செங்கமலம், தோசையைத் திருப்பிக்கொண்டே.

பழவேற்காட்டு மிதவைக் குடியிருப்பில் அது ஒன்றும் பெரிய செய்தி இல்லை. அங்கே பிறந்த குழந்தைக்கு நாற்பதாம் நாளே கண்ணுக்குள் விழித்தகடு பொருத்திவிடுவார்கள். எந்தப் படம் கண்ணில் பட்டாலும், இதைப் பார்க்க இவருக்கு அனுமதி உண்டா என்று அந்தத் தகடு ஒரு நொடியில் சரிபார்க்கும். இல்லையென்றால் சாம்பலைப் பூசிவிடும். ஒருவர் தன் முகத்தை விற்றுவிட்டால், வீட்டிலிருக்கும் அவருடைய பழைய படங்களும் அதோடு போய்விடும். ஆளை நேரில் பார்க்கத் தடையில்லை, படம்தான் கூடாது.

சட்டத்தில் ஒரே ஒரு சந்து இருந்தது. ரசிகர்கள் நடத்தும் தளத்தில், ரசிகர்கள் பார்ப்பதற்காகப் படங்களை வைக்கலாம். நியாயப் பயன்பாடு என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருபது சொல்லுக்குக் குறையாமல் மனமார ரசித்து எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சந்துக்குள்தான் திருமேனி பதினோரு வருஷமாகக் குடியிருந்தான்.

அவனுடைய தெய்வம் நீலவல்லி. அவள் நடிப்பை நிறுத்தி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. முகத்தை முகவுரிமைக் கழகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு எங்கோ ஒதுங்கிவிட்டாள். அவளுடைய கணினி உரு மட்டும் இருபத்து நான்கு வயதிலேயே நின்று, வருஷத்துக்கு மூன்று படங்களில் நடித்துக்கொண்டிருந்தது. அந்த உரு திருமேனிக்கு ஆகாது. அசல் நீலவல்லியின் நாலாயிரத்துச் சொச்சம் படங்களை, மூடிப்போன தளங்களிலிருந்தெல்லாம் பொறுக்கியெடுத்து, 'நீலவனம்' என்ற தன் தளத்தில் அடுக்கியிருந்தான். படம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக மூலையில் 'நீலவனம், எடுத்தாளாதீர்' என்று முத்திரை குத்துவான். நாமே எடுத்தாண்டதுதானே என்ற நினைப்பு அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ரசிகர் உலகத்தில் எவருக்குமே வந்ததில்லை.

கழகம் ஏற்கெனவே அவன்மேல் இரண்டு புகார்களை நிரூபித்திருந்தது. மூன்றாவது வந்தால் நீலவனம் முழுக்கச் சாம்பலாகிவிடும். அதனால் தளத்துக்கு யார் வந்தாலும் அவன் சந்தேகத்தோடுதான் பார்த்தான். இப்போது 'கடுகு' என்ற பெயரில் ஒரு வருகையாளர் முளைத்திருந்தார். தினமும் பதினொரு மணிக்கு வருவார். 2317ஆம் படத்தை மட்டும் திறந்து நாற்பது நிமிஷம் வைத்திருப்பார். இதயம் போடமாட்டார், ஒரு சொல் எழுதமாட்டார், போய்விடுவார்.

"ஒரே படத்தை எவனாவது நாப்பது நிமிஷம் பாப்பானா? கழகத்து ஆளுதான். குத்தம் கண்டுபிடிக்க உக்காந்திருக்கான்."

"நீங்க பதினோரு வருஷமா பாக்கலியா?" என்றாள் செங்கமலம்.

"நான் ரசிகன்."



2317 ஏதோ ஒரு படப்பிடிப்பின் இடைவேளையில் எடுத்தது. ஒப்பனை இல்லாமல், சாதாரணக் கைத்தறிச் சேலையில் நீலவல்லி. பக்கத்தில் இன்னொரு பெண். நீலவல்லியின் காதுத் தோட்டைப் பற்றி மட்டும் திருமேனி அதன் கீழே அறுபது சொல் எழுதியிருந்தான். இதில் என்ன குற்றம் காண முடியும் என்று மண்டையைக் குடைந்துகொண்டே கடுகின் தடத்தைப் பிடித்துப் போனான். மூன்றாம் நாள், ரசிகர் தளமாகப் பதிவான ஒரு சின்னஞ்சிறு பக்கம் அகப்பட்டது. 'தமயந்தி நினைவாக' என்று ஒரு வரி; அதற்குக் கீழே 2317. முத்திரை இருந்த மூலையைக் கத்தரித்திருந்தார்கள்.

பெற்ற பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போனதுபோல் திருமேனிக்குப் பதறியது. அந்தப் பக்கத்திலிருந்த எண்ணை உடனே அழைத்தான். வயதான பெண் குரல் கேட்டது.

"அந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"உங்க தளத்துலேருந்துதான் எடுத்தேன், தம்பி. அதுல ஒளிவு மறைவு இல்ல."

"முத்திரையை வெட்டியிருக்கீங்களே."

"என் தங்கச்சி காலடியில எடுத்தாளாதீர்னு எழுதியிருந்துச்சு. போனவளோட நினைவுப் பக்கம், நல்லாயில்லைன்னு எடுத்துட்டேன். அந்தப் படத்தைப் பிடிச்சதே எங்க அப்பாதான். அச்சுப் போட்டது வீட்டுல இருக்கு, என் கண்ணுக்குத்தான் தெரியமாட்டேங்குது. என் முகம் மறைஞ்சா மறையட்டும். கன்னத்தோட கன்னம் ஒட்டி நிக்கிறதால அவளும் சேர்ந்து சாம்பலாப் போயிடுறா. அவளுக்கு வேற படமே கிடையாது."

"நீங்க யாரு?"

"நீலவல்லி."

திருமேனி சிரித்தான். "இந்த வருஷம் நீங்க அஞ்சாவது நீலவல்லி."

நீலவனத்தில் சேர வருபவர்களுக்கென்று அவன் பத்துக் கேள்விகள் வைத்திருந்தான். கேட்கலாமா என்றான். அவளும் பொறுமையாகச் சரி என்றாள்.

"மூணாவது படத்துல மழைப் பாட்டுக்குக் கட்டின சேலை என்ன நிறம்?"

"பச்சையா இருக்குமோ? குளிர்ல நடுங்கினதுதான் ஞாபகம் இருக்கு."

"கத்தரிப்பூ நிறம். நீலவல்லிக்கு ரொம்பப் பிடிச்ச பலகாரம்?"

"அப்படி ஒண்ணும் கிடையாதே, தம்பி."

"அதிரசம்," என்றான் திருமேனி. இதுகூடத் தெரியாதவள் நீலவல்லியாம். நேற்றுச் சேர்ந்த உறுப்பினர்கூடப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தார். இவள் வாங்கியது நான்கு.

அன்றே பட நீதி மையத்துக்குப் புகார் அனுப்பினான், நான்கு மதிப்பெண் தாளையும் இணைத்து. கழகத்தின் ஆளோ, வேறு தளத்துத் திருடியோ, யாராக இருந்தாலும் மாட்டட்டும். புகார் ஜெயித்தால் அவன்மேல் இருக்கும் இரண்டில் ஒன்று கழிந்துவிடும் என்ற கணக்கும் அதில் இருந்தது. இனி ஒருவரும் மூலையை வெட்டிக்கொண்டு ஓடக்கூடாதென்று 2317க்குப் பெரிய முத்திரையாகக் குத்தினான். நீலவல்லியின் மேல் ஒரு எழுத்துகூடப் படாதபடி, கொட்டை எழுத்தில், பக்கத்துப் பெண்ணின் மேல் அழுத்தமாக. பிறகு வழக்கம்போலப் பழைய பிரதியை அழித்தான்.

தீர்ப்பு நான்காம் நாள் வந்தது. செங்கமலம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்தாள்.

"எதிர்மனுதாரர் நீலவல்லி என்பது கைரேகை முதலியவற்றால் உறுதியாயிற்று. எனினும் தன் முகத்தை விற்றவருக்கு அதன்மேல் உரிமை இல்லை. நியாயப் பயன்பாடு ரசிகர்களுக்கு மட்டுமே உரியது. மனுதாரர் நடத்திய தேர்வில் பத்துக்கு நான்கே பெற்றதால், இவர் நீலவல்லியின் ரசிகர் அல்லர். இவருடைய பக்கம் நீக்கப்படுகிறது. ரசிகர் தளங்களைக் காணும் அனுமதியும் இன்றோடு ரத்து. மனுதாரருக்கு வாழ்த்துகள்."

திருமேனி தீர்ப்பையே திரும்பத் திரும்பப் படித்தான். பதினோரு வருஷம் கும்பிட்ட தெய்வம் வாசலுக்கு வந்து தங்கையின் படம் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டது; அதையும் பிடுங்கியாயிற்று. இவ்வளவு வெட்கமாக அவனுக்கு எப்போதும் இருந்ததில்லை.

"என்ன பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? அந்தம்மாகிட்டப் பேசுங்க," என்றாள் செங்கமலம்.

அழைத்தான். "அம்மா, மன்னிச்சிடுங்க. நீங்கதான்னு தெரியாமப் பண்ணிட்டேன்."

"சட்டம் அப்படி இருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள் அவள். "உங்க தளமும் இப்ப எனக்குத் தெரியல, தம்பி. ஒரு உதவி பண்ணுங்க. அந்தப் படத்தைத் திறந்து வச்சுக்கிட்டு, அதுல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்றீங்களா?"

இதுவாவது தன்னால் முடிகிறதே என்று திருமேனி நிமிர்ந்து உட்கார்ந்தான். சேலைக் கரையின் சரிகைக் கோடுகள், தோட்டில் ஒரு கல் உதிர்ந்திருப்பது, நெற்றியில் விழுந்த முடி, எந்தப் படப்பிடிப்பு, அப்போது நீலவல்லிக்கு என்ன வயது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். மறுபுறம் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"நல்லாச் சொல்றீங்க. என்னை விடுங்க. பக்கத்துல நிக்கிறாளே, தமயந்தி. அவ எப்படி இருக்கா? சிரிக்கிறாளா?"

திருமேனி குனிந்து பார்த்தான். அங்கே கொட்டை எழுத்தில் அவனுடைய தளத்தின் பெயர் இருந்தது. அதற்கு அடியிலிருந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றான். தோடு ஞாபகம் வந்தது, சரிகை ஞாபகம் வந்தது. அந்தப் பெண் மட்டும் வரவில்லை.

"சிரிக்கிறாங்கம்மா," என்றான். "பல்லுத் தெரியச் சிரிக்கிறாங்க. அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்துல."



"அவளுக்கு எடுப்புப் பல்லு, தம்பி," என்றாள் நீலவல்லி. "படம்னாலே ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்குவா. அந்தப் படத்துலயும் பொத்திக்கிட்டுத்தான் நிக்கிறா. பதினோரு வருஷம் வச்சிருந்தும் நீங்க அவளைப் பாக்கவே இல்லியே."