சரிங்க என்றவள்

மனைவி இன்று எதற்குமே எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் அவனுக்கு முதலில் உறுத்தியது.

"கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டுடலாமா?" என்று வேண்டுமென்றே கேட்டான். வாரக்கணக்காக இதற்குத்தான் சண்டை. திரையில் அவள் சிரித்தாள்.

"சரிங்க."

விடுமுறை நாள். அலுவலகத்தில் ஈ, காக்கைகூட இல்லை. கம்ப்யூட்டர் சர்வர்களைக் கவனிப்பவன் என்பதால் 'சர்வர்' என்று பட்டப்பெயர் வைத்து, பார்க்கும்போதெல்லாம் "ரெண்டு காபி!" என்று கேட்கும் கேலிக்காரர்களும் இல்லை. ஜன்னலே இல்லாத, கைபேசி சிக்னலும் எட்டாத அந்தக் குளிர்ந்த அறையில் இயந்திரங்களின் ஓயாத இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், மினுக் மினுக்கென்று எரியும் பச்சை விளக்குகளும்தான் துணை. வீடியோ மீட்டிங் சர்வருக்குக் காலையில்தான் புது அப்டேட் போட்டிருந்தான். புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று நீட்டி முழக்கி எழுதியிருந்தார்கள். அதையெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பது? எல்லா வசதிகளையும் ஒரேயடியாக ஆன் செய்துவிட்டான். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே! வீட்டில் தனியாக இருந்த நிறைமாத மனைவியையும், அடுத்த தெருவில் இருந்த மாமியாரையும் மீட்டிங்கில் உட்கார வைத்தான். வேலைக்கு வேலையும் ஆச்சு, அவளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்ட மாதிரியும் ஆச்சு.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க மெதுவா வாங்க."

மெதுவாகவா? காலையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் வந்துடுங்க என்று கண்கலங்கியவளா இவள்? படிக்காமல் விட்ட குறிப்பை அவசரமாகத் திறந்தான்.

தேவையற்ற ஓசைகள் நீக்கப்படும். பங்கேற்பவர் கேமராவை விட்டு விலகினாலும், கூட்டம் தடைபடாமல் அவரது முகமும் குரலும் தொடரும்.

தன் திரையில் அவளுடைய கட்டத்துக்கு ஓசை நீக்கத்தை அணைத்தான்.

ஐயோ.

முனகல். தரையில் எதுவோ இழுபடும் சத்தம். "ஏங்க... ஏங்க..." கத்திக் கத்தித் தொண்டை கட்டிய குரல். பாவி, எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறாளோ! முகம் தொடரும் வசதியையும் நிறுத்தினான். காலி நாற்காலி. அதன் காலைப் பற்றியிருந்த ஒரு கை. தரையெல்லாம் ரத்தம்.

"அத்தை! ஓடுங்க! அவ கீழ விழுந்து கிடக்கா!"

"என்ன மாப்பிள்ளை சொல்றீங்க? இங்க என் திரையில சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கா!"

"அது அவ இல்ல அத்தை! உங்க கால்ல விழறேன், சீக்கிரம் போங்க!"

"கடவுளே! இதோ, சாவி எடுத்துட்டேன்..."

அவனும் எழுந்து கதவை நோக்கிப் பாய்ந்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். அவனுடைய குரல்.

"பதறாதீங்க அத்தை. சும்மா டெஸ்ட் பண்ணேன். அவ தூங்கப் போறா, தொந்தரவு பண்ணாதீங்க."

திரும்பினான். திரையில் அவன் முகம். சிரித்தது.

கேமராவுக்கு முன்னால் வந்து நின்று அலறினான். "போங்க அத்தை! போங்க!" ஒரு சத்தம்கூட அந்தப் பக்கம் போகவில்லை. திரையில் இருந்தவன் இடத்தைவிட்டு நகரவில்லை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் நகரவில்லை.

"இதுலயா விளையாடுவீங்க? உயிரே போயிடுச்சு!" மாமியார் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். சாவியை மேசைமேல் வைத்தாள்.

பக்கத்துக் கட்டத்தில், நாற்காலிக் காலைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"அப்புறம், வேற என்ன அத்தை விசேஷம்?" என்றது அவன் முகம்.