நிழல்கள் போட்ட சண்டை

ஆம்புலன்ஸ் மையத்தின் சுவர்த் திரையில் மூன்று நிழல் அலுவலகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கட்டுப்பாட்டு அறைத் தலைவி ஆவுடைச்செல்வி மூன்றிலும் இருந்தாள். மூன்றிலும் அவளுக்கு நரை கூடிக்கொண்டே போனது.

புதிய அழைப்பு மென்பொருளை எந்த முறையில் உருவாக்கலாம் என்று பார்த்துச் சொல்ல வந்த கருவி அது. பெயர் ஒப்புநோக்கி. ஊழியர்களின் பேச்சையும் குணத்தையும் படித்து நிழல்களாக்கி, மூன்று வருடங்களை ஒரே காலையில் ஓட்டிக் காட்டும். எல்லாத் தேவைகளையும் முதலிலேயே எழுதி வாங்கிய அலுவலகத்தில், மென்பொருள் வந்து சேர்வதற்குள் சாலைகளே மாறிவிட்டன. கடையில் ஆயத்தமாக வாங்கிய அலுவலகத்தில், நிழல்கள் அதை மூடிவைத்துவிட்டுக் கைப்பேசியில் பேசிக்கொண்டன. கொஞ்சம் செய்து, பயன்படுத்தி, சண்டை போட்டுத் திருத்திய அலுவலகத்தில்தான் வண்டிகள் சீக்கிரம் போய்ச்சேர்ந்தன.

"அப்போ நாமளும் கொஞ்சங்கொஞ்சமா ஆரம்பிப்போம் சார்," என்றாள் ஆவுடைச்செல்வி.

இயக்குநர் பிரமநாயகம் சிரித்தார். "எதுக்கும்மா? நிழலுங்கதான் செஞ்சு முடிச்சிட்டுல்லா? அதையே எடுத்து மாட்டிருவோம்."

"அது அவங்க சண்டை போட்டுச் செஞ்சது சார். நாம போடலியே."

"அவங்கன்னா யாரு? நீங்கதானம்மா."

மறுநாளே மாட்டினார்கள். சேரன்மகாதேவியிலிருந்து பிரசவ அழைப்பு வந்தது. திரையில், அந்த ஊருக்குப் பக்கத்திலிருந்த வண்டியின்மேல் மஞ்சள் புள்ளி ஒன்று மினுங்கியது. என்னவென்று புரியாமல் ஆவுடைச்செல்வி அந்த வண்டியையே அனுப்பினாள். பாதி வழியில் ஓட்டுநர் அலறினார்: "அக்கா, ஆக்சிஜன் தீந்துட்டுக்கா!"

மஞ்சளுக்கு அதுதான் அர்த்தம். அப்படி வைக்கலாம் என்று முடிவுசெய்தவள் அவளுடைய நிழல்; அவளுக்கு அது தெரியாது.

இன்னொரு வண்டியைத் தேடிப் பிடித்து அனுப்பினாள். குழந்தை நீலம் பாரித்துப் பிறந்து, வெகுநேரம் கழித்தே அழுதது.

மென்பொருளை மாற்றுவதா, ஊழியர்களை மாற்றுவதா என்று பிரமநாயகம் ஒப்புநோக்கியைக் கேட்டார். ஊழியர்களை மாற்றுவதே எளிது என்றது அது. எல்லோருக்கும் தத்தம் நிழலைப் போல ஆவதற்குப் பயிற்சி தொடங்கியது. யார் எவ்வளவு நெருங்கினார்கள் என்று கருவி ஓயாமல் கவனித்தது.

ஒருநாள் ஆவுடைச்செல்வி பயிற்சியின் நடுவில் எழுந்து இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள்.

"ஒரு புள்ள செத்திருக்கும் சார்! எங்ககிட்ட கேக்காம இனி எதையும் மாட்டக் கூடாது. கழட்டுங்க அத!"

அவர் பதில் சொல்வதற்குள் மேசைமேல் ஒப்புநோக்கி மெல்ல ஒலித்தது. திரையைப் பார்த்த பிரமநாயகத்தின் முகம் மலர்ந்தது.

"உங்க நிழலும் அச்சு அசலா இப்படித்தாம்மா கத்திச்சு," என்றார். "பாஸாயிட்டிய. இனி பயிற்சிக்கு வர வேண்டாம்."