பதில் தட்டு வேண்டாம் என்றார்கள்

பக்கத்து வீட்டுக் கித்தேரியா கொண்டுவந்த பலகாரத் தட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெவ்ரி பொன்னிறமாக இருந்தது, குல்குல் கருகாமல் இருந்தது, தொதோல் வழக்கம்போல் கொஞ்சம் எண்ணெய் கக்கியிருந்தது. செவரீனா தன் வீட்டுத் தட்டை லேஸ் துணி போர்த்தி நீட்டினாள். கித்தேரியா அதை வாங்காமல் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் செவ்ரின். இந்த வருஷம் நீ தரக் கூடாது."

"ஏன்க்கா, போன வருஷம் என் பெபிங்கா கேக் அடிப்பிடிச்சுதே, அதை இன்னும் மறக்கலையா?"

கித்தேரியா சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக மதில்மேல் சாய்ந்துகொண்டு ஊர்வம்பையெல்லாம் சிரித்துச் சிரித்தே சொல்கிறவள், செவரீனாவின் கன்னத்தை விரல்நுனியால் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தட்டுக் கொடுத்துத் தட்டு வாங்காத வீடு அந்தத் தெருவில் கிடையாது. ஒரே ஒரு வீட்டுக்குத்தான் விலக்கு, அது சாவு விழுந்த வீடு. அங்கே பலகாரச் சட்டி அடுப்பில் ஏறாது. மற்றவர்கள் கொடுப்பார்கள், பதிலுக்கு எதுவும் வாங்க மாட்டார்கள். செவரீனாவே எத்தனையோ வீட்டுக்கு அப்படிக் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டுக் கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் உள்ளே போய் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள். கப்பலிலிருந்து பத்து நாள் முன்பு வந்த கணவன் ரொமால்டோ, குடிலுக்கு விளக்குச் சரம் மாட்டுவதாகச் சொல்லிச் சரத்தைச் சிக்கலாக்கிக்கொண்டிருந்தான். பதினான்கு வயது ரெய்னர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு அப்பாவைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயது வெலங்கா பரிசுப் பொட்டலங்களைக் குலுக்கிக் குலுக்கி உள்ளே என்னவென்று காதால் கண்டுபிடிக்கப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது தட்டு வந்தது. மூன்றாவது வந்தது. கிணற்றுத் தகராறில் ஐந்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத தையல்கார இனாசியோகூடத் தட்டோடு வந்தார். தட்டை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது வாசலில் எரிந்துகொண்டிருந்த காகித நட்சத்திரத்தை, யாரையும் கேட்காமல், மெதுவாக அணைத்துவிட்டுப் போனார்.

செவரீனா திரும்பவும் அதைப் போட்டாள். போடும்போதுதான் அவளுக்கு அந்த அமைதி உறைத்தது. நாலு மணிவரை தெரு முழுக்கப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, எதிர்வீட்டில் ஒன்று, கோயில் பக்கம் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு. இப்போது ஒவ்வொன்றாகச் சத்தம் குறைந்து, குறைந்து, தென்னை ஓலை உரசுவதும் எங்கோ பன்றிக்கறி வினிகரில் கொதிப்பதும் மட்டும் காதுக்கும் மூக்குக்கும் எட்டின. துக்க வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"எவனோ புரளி கிளப்பியிருக்கான்" என்றான் ரொமால்டோ. "நான் கடல்ல போயிட்டேன்னு நெனச்சிருப்பாங்க. இரு, நான் போய் வாசல்ல நிக்கிறேன். என்னைப் பார்த்ததும் தட்டைப் போட்டுட்டு ஓடுவாங்க பாரு."

யாரும் ஓடவில்லை. வந்த ஆண்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள், தோளைத் தட்டினார்கள், "தைரியமா இருப்பா" என்றார்கள். செவரீனாவுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. இவன் இல்லை. அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே போயிற்று, ஏனென்றால் மிச்சம் இருந்தது இரண்டு பேர்.

அடுத்து வந்தவளின் கையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஒத்தீலியா, ஆள் சாது.

"யாரு செத்தான்னு நேராச் சொல்லு ஒத்தீலியா. எனக்குத் தெரியணும்."

ஒத்தீலியாவின் கண் நிறைந்தது. "அழுதுடு செவ்ரின். உள்ளேயே வெச்சுக்கிட்டா உடம்புக்கு ஆகாது."

"என் வீட்டுல யாரும் சாகலைடி."

"ஆமாம்மா. எங்க அப்பா போனப்போ எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. வெலங்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மணி அடித்ததும் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் பரிசுகளைப் பிரிப்பது அந்த வீட்டு வழக்கம். "மம்மா, மணி அடிச்சாச்சு, வாங்க எல்லாரும்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கை சூடாக இருந்தது, ரோஸ் சர்க்கரை ஒட்டிப் பிசுபிசுத்தது. அதை விடாமல் செவரீனா தரையில் உட்கார்ந்தாள். பண்டிகையைப் பண்டிகையாக நடத்திவிட்டால் இதெல்லாம் தானாக ஓய்ந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

ரெய்னருக்குக் கால்பந்துக் காலணி. ரொமால்டோவுக்குச் சட்டை, ஒரு அளவு சின்னது. செவரீனாவுக்குக் கப்பலில் வாங்கிய வாசனைத் திரவியம். காகிதம் கிழியும் சத்தத்துக்கு நடுவில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். தெருக்காரர்கள் உள்ளே வந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். பத்துப் பேர் இருக்கும். பிறகு இருபது. பெண்கள் எல்லோரும் கறுப்பு உடுத்தியிருந்தார்கள்.

இனாசியோ குனிந்து ரெய்னரின் தலையை வருடினார். "இனி நீதான் அப்பா அம்மாவுக்குத் துணை" என்றார். ஒத்தீலியா அவனைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ரொமால்டோவைப் பார்த்தார்கள். செவரீனாவைப் பார்த்தார்கள்.

வெலங்காவை யாரும் பார்க்கவில்லை. நடுவில் உட்கார்ந்து பொம்மைப் பெட்டியின் பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்த குழந்தையை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

செவரீனா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஒன்பது வயதுப் பெண், கனம்தான், கனமாக இருந்ததே அவளுக்கு அப்போது பெரிய ஆறுதல். "என் பொண்ணு உசுரோட இருக்கா. பாருங்க. கண்ணைத் தொறந்து பாருங்க." அவர்கள் செவரீனாவைத்தான் இரக்கத்தோடு பார்த்தார்கள்.

அவள் அடுக்களைப் பக்கம் ஓடினாள். பின்கதவைத் திறந்தாள். பின்படியெங்கும் பெண்கள் தட்டோடு நின்றார்கள். முன்னால் நின்றவள் தட்டை வைத்துவிட்டு அவள் தோளில் கை போட்டாள். இன்னொருத்தி இடுப்பைச் சுற்றி. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. ஆறுதல்தான் சொன்னார்கள். அந்த ஆறுதல் அவளை மெல்ல மெல்ல கூடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டது. வழியில் எங்கோ வெலங்கா அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, மறுபடி பரிசுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ரொமால்டோ அழுதுகொண்டிருந்தான். சின்னச் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க.

"நீ எதுக்குடா அழறே? அவ இங்கதானே இருக்கா."

"தெரியல செவ்ரின்" என்றான். "தானா வருது."

ரெய்னரும் ஒத்தீலியாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். செவரீனாவுக்கும் அழுகை முட்டியது. விழுங்கினாள். அழுதால் ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுபடி விழுங்கினாள். மறுபடி முட்டியது.

கித்தேரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பொட்டலம், வெள்ளிக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி. வெலங்காவுக்கு ஞானத்தாய் அவள். கிறிஸ்துமஸுக்கு ஞானத்தாயின் பரிசு வராமல் இருந்ததில்லை. அதை வெலங்காவின் கையில் கொடுக்கவில்லை, அவள் முன்னால் தரையில் வைத்தாள்.

"பிரிக்காதே, கண்ணு. அம்மா சொல்றேன், பிரிக்காதே."

"கித்தேரியா ஆண்ட்டி குடுத்தது, மம்மா."

காகிதம் கிழிந்தது. வெள்ளைக் கவுன். வெள்ளைக் காலுறை. வெள்ளைக் கையுறை. தலைக்கு ஒரு பூமுடி, வெள்ளை.

வெலங்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கவுனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். செவரீனா பின்னால் ஓட நினைத்தாள். நாலு பேர் அவளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆறு பேர். மெழுகும் வேர்வையும் நாப்தலின் உருண்டையும் மணக்கும் கறுப்புத் துணிக்குள் அவள் முகம் அழுந்தியது. கையை விடுவித்தால் இன்னொரு கை வந்தது. மிருதுவான கைகள். விடாத கைகள்.

ஆண்கள் சாப்பாட்டு மேசையை நடுக்கூடத்துக்கு நகர்த்தினார்கள். மேலே ஒரு வெள்ளை விரிப்பு. நாலு மூலையில் நாலு மெழுகுவர்த்தி.

வெலங்கா வெளியே வந்தாள். அளவு கச்சிதமாக இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். பிறகு நாற்காலியில் ஏறி, மேசையில் ஏறி, மல்லாந்து படுத்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. கித்தேரியா கவுனின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். கைகளை மார்பில் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றினாள்.

"வெலங்கா, எழுந்திரு. எழுந்து அம்மாகிட்ட வா."

குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூக்கில் பஞ்சு வைத்தார்கள். "கூசுது" என்று வெலங்கா சிரித்தாள். தாடையைச் சேர்த்துக் கட்டினார்கள். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் காலுறைக்கு மேலாகவே வெள்ளை நூலால் கட்டினார்கள்.

செவரீனாவின் கன்னத்தில் ஈரம். அவள் அழவில்லை. தானாக வந்தது.

வேலை முடிந்து எல்லோரும் மேசையைச் சுற்றி முட்டி போட்டார்கள். யாரும் ஜெபத்தை ஆரம்பிக்கவில்லை. கட்டிய கால் கட்டைவிரல்கள் இரண்டும், ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல, இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. அவை நிற்பதற்காக அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.