ஆலுவாவிலிருந்து ஒரு பொய்ப் புகார்

"நேத்திக்கு சாயந்திரம் வரைக்கும் படம் பளிச்சுனு இருந்துது… இன்னிக்குக் கார்த்தால பாத்தா ஒண்ணுமே இல்லை! இதுக்குப் பேர்தான் வேலையா?"

மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில், சுக்குக் கிடங்குக்கு எதிரே இருந்த டிஷ் கடைக்குள் குடையை மடக்காமலேயே நுழைந்து கத்தினான் ஹரிஷங்கர். குடையிலிருந்து வழிந்த ஜூன் மழை கடைத் தரையெல்லாம் சொட்டியது.

கவுண்டர் ஓரமாக உட்கார்ந்து கேபிள் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்… அடுத்துச் சொல்ல அவன் தயாராக வைத்திருந்த இரண்டு வாக்கியமும் எங்கேயோ போய்விட்டன. அவை அப்படி ஒன்றும் பெரிய கண்கள் இல்லை. ஆனால் வந்த சிரிப்பை அடக்கப் பார்க்கும் கண்கள்… அதைப் பார்த்துக்கொண்டே ஒருவன் கோபமாக நிற்பது ரொம்பக் கஷ்டம்.

"சார், முதல்ல குடையை மடக்குங்க. மழை வெளியிலதான் பெய்யுது" என்றாள்.

"டிஷ் மாட்டினவரைக் கூப்பிடுங்கோ."

"நான்தான். ஷைலஜா."

ஹரிஷங்கர் ஒரு நிமிடம் தடுமாறினான். "நீங்களா? வண்டி மேல ஏறினது…?"

"ஏணி வெச்சுத்தான் ஏறினேன் சார், பறக்கல. வண்டியை எங்கேயாவது கொண்டு போனீங்களா?"

"பின்னே? வண்டின்னா ஓடத்தானே செய்யும்? அம்மாகிட்ட காமிக்க ஆத்துக்கு ஓட்டிண்டு போனேன்."

அவள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு இப்போது வெளியே வந்துவிட்டது. "ஐயோ… நேத்து பட்டறையில அதுக்கு நாலு சக்கரமும் இல்ல சார்! கல்லு மேல நின்னுது. உள்ள பாத்தா கட்டில் இருக்கு, ஸ்டவ் இருக்கு… யாரோ சாயாக்கடை போடப் போறாங்கன்னு நெனச்சு டிஷ்ஷ அசையாம முறுக்கிட்டேன். சேட்டிலைட் மேல ஒரே இடத்துல நிக்குது. வண்டி திரும்பினா டிஷ்ஷும் திரும்பிடும். நீங்க அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா எம் முகம் உங்களுக்குத் தெரியுமா?"

'தெரியாது. அதனால திருப்ப மாட்டேன்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது அவனுக்கு. நல்லவேளை, விழுங்கிவிட்டான்.

இதற்குள் கடைக்காரர் சஜி நீளமான பராதிப் புத்தகத்தை இழுத்து, புகாரை எழுதி முடித்திருந்தார். "ஒண்ணு எழுதியாச்சு, கேட்டோ ஷைலஜே" என்றார், தலையைத் தூக்காமல்.

ஷைலஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, இரண்டு வருடம் கவுண்டரில் ரீசார்ஜ் கூப்பன் விற்று, கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த டூல் பெட்டியை அவள் வாங்கியிருந்தாள். மூன்று மாதப் பரீட்சை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு புகார் வந்தால் பெட்டி கடையின் இன்னொரு ஆளான பினுவிடம் போய்விடும், அவள் மறுபடி கூப்பனுக்கு. இது சஜி சேட்டனின் சட்டம். அப்பா தங்கப்பனுக்கு முப்பது வருடம் கார்ப்பரேஷன் வேலை. 'பொம்பளைப் பிள்ளைக்கு மாடி மேல என்ன வேலை' என்று முனகிய அவரே இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் மகள் மாட்டிய டிஷ்ஷைக் காட்டுகிறார். இன்னும் பதினெட்டு நாள்தான் பாக்கி…

"சாயந்திரம் வரேன் சார். திரும்புற மாதிரி ஸ்டாண்டு போட்டுத் தரேன்" என்றாள்.

*

கோயம்புத்தூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஹரிஷங்கர் கட்டிய வண்டி அது. பழைய டெம்போவுக்குள் இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, பதினாலு இஞ்ச் டிவி, டிவிடி பிளேயர். ஹோட்டல் படுக்கையும் ஹோட்டல் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாத வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும் என்று அவனுக்கு ஆசை. முதல் பயணிகள் பாலக்காட்டு வெங்கிடராமன் மாமாவும் லோகாம்பாள் மாமியும். மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மூணாறே ஆனாலும் ராத்திரி ஏழு மணிக்கு நியூஸ் வந்தாக வேண்டும்.

பிராட்வே கடைத்தெருவில் அலைந்து வாங்கிய குழாயும் கிளாம்பும் வைத்து, ஷைலஜா வண்டிக் கூரையில் சுழலும் ஸ்டாண்டு ஒன்றைப் பொருத்தினாள். டிஷ் எவ்வளவு சாய வேண்டும் என்று பார்த்து முறுக்கிய நட்டின் மேல் தன் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தாள். "இதைத் தொடவே கூடாது. வண்டி நின்னதும் தென்கிழக்குப் பக்கமா மெல்ல மெல்லத் திருப்பணும், அவ்வளவுதான். மனசிலாச்சா?"

"எனக்கெதுக்கு? நீங்கதான் இருக்கேளே."

"மூணாறுக்கும் நானா வருவேன்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக அவளே முகம் சிவந்தாள்.

ஆனால் ஒரு சங்கடம். டிஷ் திருப்புகிற வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் மேலே, ஒருத்தர் டிவி முன்னால். அப்போது எல்லா வீட்டு மொட்டை மாடியிலும் கேட்ட அதே கச்சேரி மட்டாஞ்சேரி படகுத்துறை ஓரத்திலும் கேட்டது.

"வந்துதா?"

"வரலை…"

"இப்போ?"

"வரலை… வரலை… ஆங், வந்துது! போச்சு… போயிடுத்து!"

"சார், ஒழுங்காப் பாத்துச் சொல்லுங்க!"

எப்படி ஒழுங்காகப் பார்ப்பது? டிவிக்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு குனிந்து கேட்கும் அவள் முகம். நெற்றி முடியில் மழைத்துளிகள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றாக இறங்குகின்றன… நியூஸ் வாசிக்கிறவரை யார் பார்ப்பார்கள்!

பயிற்சி என்ற பெயரில் மூன்று நாள், மூன்று இடம். ஒரு நாள் மழை வலுத்துப் படம் கட்டம் கட்டமாக உடைந்தபோது அவள் விரலை ஆட்டி எச்சரித்தாள். "பெரிய மழைக்குப் படம் போகும். அது எங்குத்தம் இல்ல. பராதி எழுதக் கூடாது!" அன்று இருவரும் மழை விடும் வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அவன் போட்ட சாயாவைக் குடித்தார்கள். சர்க்கரை போட மறந்திருந்தான். அவள் சொல்லவில்லை. அவனும் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

நாலாம் நாள் அவன் தனியாகவே ஏறித் திருப்பி, இறங்கி வந்து பார்த்து, மறுபடி ஏறித் திருப்பிப் படத்தைக் கொண்டுவந்துவிட்டான்.

"பாஸாயிட்டீங்க. இனி நான் வேண்டாம்" என்று கை கொட்டினாள் ஷைலஜா.

இப்படி ஒரு பரீட்சையில் எதற்குப் பாஸானோம் என்று இருந்தது அவனுக்கு.

*

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் கடை போன் அடித்தது. சஜி எடுத்தார், கேட்டார், முகம் சுளித்தார். "ஆலுவாவுல நிக்குதாம் அந்த டெம்போ. படம் வரலையாம். சாயந்திர டிரெயினுக்கு ஆளுங்க வராங்களாம்." பராதிப் புத்தகம் திறந்தது. "ரெண்டாச்சு ஷைலஜே. போய்ப் பாரு, நெஜமாவே உன் வேலையில கோளாறுன்னா…" என்று புத்தகத்தை மூடினார்.

பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனாலும் ஆலுவா பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது… அந்தப் பைத்தியக்கார மனசு சிரித்தது. கிளம்புவதற்கு முன் கண்ணாடி பார்த்துப் பொட்டு மாற்றிக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்பதில் அவளுக்கு நிம்மதி.

பெரியாற்றங்கரையில் வண்டி நின்றது. மடமடவென்று கூரை மேல் ஏறினாள். நெயில் பாலிஷ் கோடு அசையவில்லை. டிஷ் சரியான திசையில் இருந்தது. இறங்கி உள்ளே போய் டிவிக்குப் பின்னால் கை விட்டாள். செட்டாப் பெட்டியிலிருந்து கேபிள் கழன்று தொங்கியது. ஈரம் படாமலிருக்க அவள் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைக் காணோம். இல்லை, இருந்தது… யாரோ பொறுமையாகப் பிரித்து, திரும்பச் சுற்றுவதற்காக அலமாரி ஓரத்தில் பத்திரமாக ஒட்டி வைத்திருந்தார்கள்.

அதன் பக்கத்தில் இரண்டு கிளாஸில் சாயா. ஆவி பறந்தது.

திரும்பினாள். ஹரிஷங்கர் வாசற்படியில் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க கழட்டினதா?"

"…ஆமா. வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலை. உங்க நம்பர் கூட எங்கிட்ட இல்லை. இன்னிக்கு சர்க்கரை போட்டிருக்கேன்…"

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அவன் எதிர்பார்த்த கண்ணீர் இல்லை அது.

"உங்களுக்கு இது விளையாட்டு இல்லையா? எம் பேர்ல ரெண்டாம் பராதி எழுதியாச்சு அங்க. நாளையிலேர்ந்து டூல் பெட்டி பினுவுக்கு. நான் கூப்பன் விக்கணும். ரெண்டு வருஷம் சார்… ரெண்டு வருஷம் கெஞ்சி வாங்கின பெட்டி!"

"ஐயோ, எனக்கு… நான் இப்பவே போன் பண்ணி…"

"என்ன சொல்லுவீங்க? படம் தானா வந்துட்டுதுன்னா? அவளுக்காகப் பொய் சொல்றான்னு நெனப்பாங்க. அதுவும் எனக்குத்தான் கேடு." கேபிளை முறுக்கினாள். அதே டேப்பை எடுத்துச் சுற்றினாள். டிவியில் படம் பளிச்சென்று வந்தது. "பஸ் ஏறும்போது நான் சிரிச்சுக்கிட்டே வந்தேன், தெரியுமா?"

சாயாவைத் தொடாமல் இறங்கிப் போனாள். மழைக்குள், குடையைக் கூட விரிக்காமல்.

கடைக்கு வந்து, பராதிப் புத்தகத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் அவள் எதையும் எழுதவில்லை. அவன் செய்ததைச் சொன்னால் அவன் பெயர் கெடும். சொல்லாவிட்டால் அவள் பெட்டி போகும். பேனாவை மூடினாள். பிறகு பெட்டியைத் தூக்கிப் பினுவின் முன்னால் வைத்துவிட்டு, கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

*

ஐந்தாம் நாள் காலை. கொச்சங்காடிச் சந்தில் லாரிகள் ஓயாமல் ஹார்ன் அடித்தன. மூணாற்றுச் சேறு அப்பிய ஒரு டெம்போ கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சுமை இறக்குகிறவர்கள் கத்த, அதைக் காதில் வாங்காமல் ஹரிஷங்கர் உள்ளே வந்தான். இந்தத் தடவை குடை மடங்கியிருந்தது.

"சஜி சேட்டா, அந்தப் பராதிப் புத்தகத்தைக் கொடுங்கோ."

"மூணாவதா?" என்று பதறினார் சஜி.

"இல்லை. ரெண்டாவதுல ஒரு கட்டம் காலியா இருக்கும்."

அவன் மலையாளத்தில் எழுதினான். வீட்டில் தமிழ் பேசினாலும் அவனுக்கும் அவளுக்கும் கை ஓடுவது மலையாளத்தில்தான். எழுதி முடித்துப் புத்தகத்தை சஜியின் பக்கம் திருப்பினான். சஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல உரக்கவே வாசிக்கத் தொடங்கினார்.

"காரணம்: டிஷ், ஸ்டாண்டு, வேலை எல்லாம் சரி. கேபிளைக் கழற்றியது நான். ஷைலஜாவைப் பார்க்க வேண்டும் என்று…" சஜியின் குரல் இறங்கிவிட்டது. பினு எட்டிப் பார்த்து மீதியை வாசித்தான். "…ஷைலஜாவைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வேறு வழி தெரியவில்லை. மூணாற்றில் மழையிலும் படம் வந்தது. ஒப்பம், ஹரிஷங்கர்."

ரீசார்ஜ் செய்ய வந்திருந்த பேச்சியம்மாள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஹரிஷங்கர் கவுண்டருக்கு எதிரே வந்து நின்றான். காது மடல் சிவந்திருந்தது. "தப்புதான். விளையாட்டு இல்லை அது, நெஜமாவே எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா உங்க பெட்டிக்கு அதனால ஒண்ணும் ஆகப்படாது. அம்மாகிட்டயும் போன்ல சொன்னேன். ஜாதியைச் சொல்லித்தான் போனை வெச்சா. மூணாம் நாள் அவளே கூப்பிட்டா… 'அந்தப் பொண்ணுக்கு நம்மாத்து டிவியையும் சரி பண்ணத் தெரியுமாடா'ன்னு கேட்டா."

ஷைலஜா தலை நிமிரவில்லை. கையிலிருந்த கூப்பன்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

சஜி ஒரு பெருமூச்சு விட்டார். பினுவின் காலடியிலிருந்த டூல் பெட்டியைத் தூக்கி வந்து கவுண்டரில் வைத்தார். "இந்தா மோளே, உன்னுது. ரெண்டாம் பராதிய வெட்டிடறேன். பரிகாரம்னு ஒரு கட்டம் இருக்கு, அத நீ எழுதி ஒப்பம் போடு. அப்புறம் வண்டிய எடுக்கச் சொல்லு, லாரிக்காரன் என்னைக் கொல்லுவான்."

அவள் பேனாவை எடுத்தாள். இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினாள். தள்ளிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்… அடக்கி வைத்த சிரிப்போடு அதே கண்கள்.

அவன் படித்தான்.

'இனிப் பொய்ப் பராதி வேண்டாம். கூப்பிட்டாலே வருவேன்.'