பதினோரு முழப் பேய்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சந்தேகம் இருந்தால் என் மீசையைப் பிடித்து இழுத்துக் கேளுங்கள். அப்போதும் இதையேதான் சொல்வேன்.

எங்கள் பால்கன் மலைப்பக்கம் பாலம் உறுதியாக நிற்க, கொத்தனார் யாருடைய நிழலையாவது கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றைக் கல்லிடுக்கில் வைத்துப் பூசிவிடுவார். நிழலுக்குரியவர் நாற்பதாம் நாள் செத்து, அந்தப் பாலத்துப் பேயாகிவிடுவார்.

ஒன்பது வயது நெவேனா காலையில் பள்ளிக்குப் போக ஆற்றுப் பாலத்தில் ஏறினாள். இடிந்த சுவரைச் சரிசெய்ய வந்த திமோ கொத்தனார் கயிறு நீட்டி அளந்துகொண்டிருந்தார். அவள் நிழல் சரியாக அதன்மேல் விழுந்தது. அவர் கயிற்றை நறுக்கென்று வெட்டி, இடுக்கில் செருகி, சாந்து பூசிவிட்டார்.

"போச்சு!" என்றான் கூட வந்த அவள் பெரியப்பா மகன் ஸ்பாஸ். "நாப்பதே நாள். அப்புறம் நீ பேய்."

"சும்மா இருடா! திமோ மாமா, என் நிழலையா அளந்தீங்க?"

"கல்லைத்தாம்மா அளந்தேன். நிழல் குறுக்க வந்துச்சா... எனக்கே இப்போ குழப்பமா இருக்கு."

அன்று நெவேனாவுக்குக் கணக்கும் ஏறவில்லை, ரொட்டியும் இறங்கவில்லை. பேய்க்குப் பள்ளிக்கூடம் உண்டா? உண்டென்றால் எத்தனையாம் வகுப்பு?

மாலையில் பாலத்தடியில் யாரோ முனகினார்கள். எட்டிப் பார்த்தாள். பதினோரு முழப் பேய் ஒன்று கழுத்தை மடக்கி, முட்டி காதில் இடிக்க உட்கார்ந்திருந்தது.

"யாரு நீங்க?" என்றாள்.

"நெவேனா," என்றது பேய். "கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன்."

"நெவேனா நான்தான்!"

"அப்போ நான் யாரு?"

நெவேனா பேயை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் மூணு முழம்தான். காலை வெயில்ல நிழல் நீளமா விழும். அந்தக் கயிறு என் அளவே இல்ல. அதனால நான் சாக வேண்டாம். நீங்களும் நெவேனா இல்ல."

பேய் அழத் தொடங்கியது. "பேரும் போச்சா? கழுத்து வேற வலிக்குதே!"

நெவேனாவுக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் திமோவை இழுத்து வந்தாள்.

"மாமா, சாந்து இன்னும் ஈரம்தானே? கயிறை உருவி, ஒரு முழமா நறுக்கி வைங்க."

"அப்புறம் பாலம் நிக்குமா?"

"கழுத்து வலி தாங்காம அது முட்டினாத்தான் விழும்."

திமோ நறுக்கி வைத்தார். பேய் வாத்து அளவுக்குச் சுருங்கி, "அப்பாடா!" என்று காலை நீட்டியது. அதற்கு மிலோ என்று பெயர் வைத்தாள் நெவேனா.

நாற்பதாம் நாள் ஸ்பாஸ் வந்து எட்டிப் பார்த்தான். "நீ இன்னும் சாகலையா?"

"நேரமில்லடா. இன்னைக்குக் கணக்குப் பரீட்சை."

திமோ வேலை தொடங்கிய நாளிலிருந்து முடித்த நாள்வரை எங்கள் ஊரில் அடைமழை. யாருடைய நிழலும் தரையில் விழவில்லை. இதுவும் உண்மைதான், வேண்டுமானால் மீசையை இழுத்துப் பாருங்கள்.