விளக்கு வைக்கிற நேரம்

அல்சூர் ஏரிக்குப் பின்புறத் தெருவில், பழைய பங்களா ஒன்றை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். வீணா தன் கணவன் நரேஷை அங்கே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது மதியம் சாய்ந்திருந்தது.

நரேஷ் கடைப் பலகைகளில் எழுத்து வரைகிறவன். அவன் நெற்றியில் பாதியை அக்கி தின்றிருந்தது. மர்பி டவுனில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துக் காவியால் அக்கி எழுதிப் பார்த்தார்கள். மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. வைரஸ் அடங்கவில்லை. இன்னும் ஒரு விரற்கடை இறங்கினால் வலது கண் போய்விடும் என்று சொல்லித்தான் இங்கே அனுப்பியிருந்தார்கள்.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்த அறையில், மூலையில் எரிந்த ஒரு ஜீரோ வாட் பல்பின் மங்கலில், டாக்டர் ரமா அவனுக்கு மருந்தை ஏற்றினார்.

"இந்த மருந்து இப்போ தூங்குதும்மா. வெளிச்சம் பட்டாத்தான் முழிக்கும். நாளைக்குக் காலையில இந்தப் பெரிய விளக்கை நெத்தியில மட்டும் அளவாக் காட்டுவேன். வைரஸ் சாகும். அதுக்கு முன்னாடி இந்தச் சின்ன பல்பைத் தவிர வேற வெளிச்சம் பட்டா, மருந்து இவரையே சுட்டுடும். ஞாபகம் இருக்கட்டும்."

கட்டிலுக்கு மேலே, கூரையிலிருந்து இரும்புக் கையில் அந்த விளக்கு தொங்கியது.

வார்டு பையன் டென்சில் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். "அக்கா, மொபைலைக் குடுங்க. உங்க வீட்டுக்காரர் இப்போ பிலிம் ரோல் மாதிரி. லைட்டு பட்டா வேஸ்ட்டு."

"பட்டா என்ன தம்பி? கல்யாண ஆல்பத்துலயே நான் கறுப்பாத்தான் விழுந்திருக்கேன்" என்றான் நரேஷ்.

வீணாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் நின்றது அறை கூட்டிக்கொண்டிருந்த ஆயா சொர்ணம் ஒருத்திதான். டென்சில் போனதும் அவள் வீணாவின் காதருகே வந்தாள்.

"பொழுது சாயறப்போ கதவைத் தாழ் போட்டுக்கோ தாயி. இதே ரூம்ல கேஜிஎஃப் பையன் ஒருத்தன் இருந்தான், பாக்கியராஜ்னு. கூட அவன் அம்மா கிருஷ்ணம்மாள். டாக்டர் இங்கிலீஷ்லயும் கன்னடத்துலயும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துல வீடு இருட்டா இருக்கலாமான்னு, சுவிட்சைப் போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுது. போட்டது அந்தப் பெரிய விளக்கு."

வீணா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பையன் அலறினான். எங்கே வலிக்குதுன்னு பாக்க, அந்தம்மா விளக்கை இன்னும் கிட்ட இழுத்துச்சு. எரிய எரிய இழுத்துச்சு. கரண்டும் அடிச்சிடுச்சு. ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஏன் கத்தினான்னு அதுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."

சாயங்காலம் வந்தது. கோயில் மணி தூரத்தில் கேட்டது. வீணா தாழ் போட்டுவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். நரேஷ் தூங்கிவிட்டிருந்தான்.

முதலில் வாடை வந்தது. பொசுங்கிய மயிரின் வாடை.

பிறகு, சுவரில் யாரோ உள்ளங்கையைத் தேய்த்துத் தடவும் ஓசை. சரக்... சரக்...

கதவுக்கு வெளியே இல்லை. உள்ளே.

"யாரு?"

"இப்படி இருட்டாவா வெச்சிருப்பாங்க" என்றது ஒரு பெண்குரல், கரிசனமாக. "விளக்கு வைக்கிற நேரம்மா."

சுவிட்ச் சொடுக்கிய சத்தம் கேட்டது.

அறை வெள்ளையாக வெடித்தது. நரேஷ் அலறினான். அவன் புறங்கையில் தோல் பாலாடை போலச் சுருங்கி எழுந்து, கொப்புளமாகி, உடைந்தது. வீணா போர்வையை அவன் முகத்தில் வீசி மேலே விழுந்து கவிந்தாள். அவன் உதைத்த உதையில் அவள் உதடு கிழிந்தது. அவள் விடவில்லை.

தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு டென்சில் பாய்ந்து வந்தான். சுவிட்சை எட்டிய அவன் கையை ஒரு கரிய கை பிடித்தது.

எலும்பு விறகு போல முறிந்தது.

அடுத்த நொடி அவன் எதிர்ச்சுவரில் மோதி விழுந்தான். வாயிலிருந்து ரத்தமும் இரண்டு பற்களும் தரையில் சிதறின.

"எம்புள்ள கத்துறான். எங்கே வலிக்குதுன்னு பாக்க வேணாமா?"

வெந்த கைகள் விளக்கைப் பிடித்துக் கீழே இழுத்தன. இரும்புக் கை கிறீச்சிட்டது. வீணாவின் முதுகில் ரவிக்கை சுட்டது. உள்ளங்கையில் சதை இல்லாத அந்தக் கைகள் அவள் தலைக்கு மேலே நடுங்குவதை அவள் பார்த்தாள். கொல்ல வந்த கைகள் அல்ல அவை. பிள்ளையைத் தேடும் கைகள்.



"அம்மா" என்றாள். "உங்ககிட்ட யாரும் சொல்லலம்மா. இந்த மருந்து ஏறின உடம்புக்கு வெளிச்சமே நெருப்பு. அதான் கத்துறாங்க."

கைகள் நின்றன.

"நான் போட்டதாலயா?"

பொய் சொல்லிவிடலாம். வீணா சொல்லவில்லை. போர்வையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையை நீட்டி அந்தக் கரிய விரல்களைப் பிடித்தாள். தணலைப் பிடித்தது போலிருந்தது. தன் தோல் கருகும் வாடை மூக்கில் ஏறியும் அவள் விடவில்லை.

"தெரியாமத்தானேம்மா செஞ்சீங்க. அன்புலதானே. உங்க புள்ளைக்கு அது தெரியும்."



பிறகு எழுந்த ஓலத்தில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. இரும்புக் கை கூரையிலிருந்து பிய்ந்து வந்தது. விளக்கு தரையில் விழ, அந்தக் கைகள் அதை அறைந்தன, அறைந்தன, கண்ணாடி தூளாகும்வரை அறைந்தன.

இருட்டு.

அந்த இருட்டில் ஒரு தாய் விம்மி அழும் ஓசை மெல்லத் தேய்ந்து அடங்கியது.

மறுநாள் வேறு விளக்கு கொண்டுவந்து டாக்டர் ரமா சிகிச்சையை முடித்தார். வெளிச்சம் படாதிருக்க நரேஷின் முகத்தைக் கண்ணோடு சேர்த்துத் தாடைவரை சுற்றிக் கட்டி ஒட்டினார். டென்சிலின் கைக்கு மாவுக்கட்டு. வீணாவின் உள்ளங்கையில் வெந்த புண். அறையில் மின்கசிவு என்று ஆஸ்பத்திரி சொன்னது. யாரும் மறுத்துப் பேசவில்லை.

பத்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். அதுவரை அதை யாரும் தொட்டதில்லை.

புண் ஆறியிருந்தது. நரேஷ் வலது கண்ணைத் திறந்து, சிமிட்டி, "என்னடி, இப்படி இளைச்சுட்ட?" என்றான்.

வீணா அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ரமா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

கைக்குழந்தைக்கு வைப்பது போல, வட்டமாக ஒரு திருஷ்டிப் பொட்டு.

வீணா விரலால் தொட்டாள். மை இன்னும் காயவில்லை.